இரண்டு ஜிபியை எட்டாக்கிய ஞாயிறு

கம்ப்யூட்டர் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த மெமரி சிப்பை எடுத்துவிட்டுப் பெரியதாக மாற்ற முடியுமா என்று இணையத்தில் கேட்டேன். முகம் தெரியாத ஆட்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வேண்டாத வேலை, புது போர்டு வாங்கிக்கொள். முடியாது என்று யாராவது சொன்னால் போதும், எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். ஆம்பூர் பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் நான். பற்றவைத்ததைப் பிரிப்பதுதான் என் பிழைப்பே.

என் கணவர் ஷூ கம்பெனியில் தோல் பார்த்துக் கொடுப்பவர். மேஜையில் விரித்த ஆட்டுத்தோலில் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து, வெட்டுகிறவர்கள் தவிர்ப்பதற்காக வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். போன வருடம் அவருடைய வலது கண் மங்கிவிட்டது. "கொஞ்சம்தான், சமாளிச்சிக்கலாம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கீறல் விழுந்த தோல்கள் அவர் கையைத் தாண்டிப் போய், ஷூவான பிறகு திரும்பி வந்தன. பேக்கிங் பக்கம் போய்விடுங்கள் என்று மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார். அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை என்றதும் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்காகத்தான் ஒரு பெட்டி செய்தேன். கேமரா, விளக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, பக்கத்தில் ஒரு சின்னத் திரை. தோலைப் படம் எடுத்து, தழும்பு இருக்கும் இடத்தில் திரையில் சிவப்பு வட்டம் போடும். திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டுங்கள், சரியாக இருந்தால் இவர் இதே மேஜையிலேயே இருக்கட்டும் என்று மேனேஜர் ஒத்துக்கொண்டார். துண்டுத் தோலுக்கு ஜோராக வேலை செய்த பெட்டி, முழுத் தோலை வைத்தால் மெமரி போதாமல் பாதியில் நின்றது. இருந்தது இரண்டு ஜிபி. எட்டு ஜிபி போர்டு ஆர்டர் போட்டால், வந்து சேர்வதற்குள் இவர் அட்டை மடிக்கப் போயிருப்பார். என்னிடமோ செத்துப்போன லேப்டாப் போர்டு ஒன்று கிடந்தது. அதன் எட்டு ஜிபி சிப்புக்கும் என் போர்டில் இருந்த சிப்புக்கும் அடிப்பக்க அமைப்பு ஒன்றேதான் என்று பார்த்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே கடைக்கு வந்தோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் மெஷினைப் போட்டேன். போர்டின் இரண்டு ஜிபி சிப்பும் லேப்டாப்பின் எட்டு ஜிபி சிப்பும் சுலபமாகவே வந்துவிட்டன. எட்டு ஜிபி சிப்பின் அடியில் கசகசாவை விடச் சின்ன ஈய உருண்டைகளை உட்கார வைத்து, போர்டின் மேல் வைத்துச் சூடு காட்டினேன். ஈயம் உருகும்போது சிப் தானாக ஒரு அசைவு அசைந்து தன் இடத்தில் உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அந்த நொடியில் இவர் இடுக்கியை எடுத்துச் சிப்பின் தலையில் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"யோவ், இன்னா பண்ற? கைய எடுய்யா."

"ஒட்டுனா அமுக்கத்தானே வேணும்?"

ஷூவுக்குச் சோல் ஒட்டி அமுக்கும் ஊரில் கல்யாணம் செய்துகொண்டால் இப்படித்தான். உருண்டைகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் திட்டிய திட்டு எதிர் டீக்கடை வரை கேட்டிருக்கும். மறுபடி சிப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, உருண்டைகளை முதலிலிருந்து அடுக்கினேன். இந்த முறை அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கரண்ட் கொடுத்தேன், போர்டுக்கு உயிர் வந்தது. திரையில் பார்த்தால் அதே இரண்டு ஜிபி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் சிப்புக்குப் பக்கத்தில் 1, 2, 4, 8 என்று அச்சடித்த இடங்கள் கண்ணில் பட்டன. இரண்டுக்கு நேராக, தூசி மாதிரி ஒரு ரெசிஸ்டர். தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதை இந்த போர்டு சிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ரெசிஸ்டர் சொல்வதைத்தான் நம்புகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை எட்டுக்கு நகர்த்தினேன். திரையில் எட்டு வந்தது. நான் ஸ்டூலை விட்டு எழுந்து குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

மேனேஜரிடம் மாதிரிக்குக் கேட்டு வாங்கி வந்திருந்த தோல்களில் ஒன்றை இவர் விரித்தார். "இது சுத்தமான தோலு, நானே பாத்து எடுத்தது. இதுல வட்டம் போட்டா உன் பொட்டி தப்புன்னு அர்த்தம்."

முழுத் தோலையும் படம் எடுத்தது. பாதியில் நிற்கவில்லை. நான் கைதட்டப் போகும்போது ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. எரிச்சலோடு குனிந்து தோலைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு கீறல், எனக்கே பளிச்சென்று தெரிந்தது. மெல்ல நிமிர்ந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரல் நின்றது.

"இருக்குது," என்றார். "கண்ணு இவ்ளோ போய்டுச்சுன்னு எனக்கே தெரியல."

பெட்டி ஜெயித்துவிட்டது. எனக்குச் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் வெள்ளிப் பேனாவைத் திறந்து, கீறலைச் சுற்றி நிதானமாக வட்டம் போட்டார். அந்தத் தோலை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை விரித்தார்.

"இதையும் படம் எடு. இதுவும் சுத்தம்னுதான் நெனச்சேன்."