கையைத் தூக்காமல் போடும் சட்டை

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே சட்டையக்கா கைபேசியை எடுத்து, இணையத் தேடலில் 'தகவமைப்பு ஆடைகள்' என்று தட்டுகிறார். முதல் வரியில் அவருடைய கடையின் இணையப் பக்கமே வந்து நிற்கிறது. ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் தலைமுடியைச் சரிபார்த்தவர் போலத் திருப்தியாகிப் பால் காய்ச்சப் போகிறார். இரண்டு மாதமாக இப்படித்தான். முதலிடத்தில் இருக்கிற கடைக்கு ஓர் ஆள்கூட ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

அவர் தைப்பது கையைத் தூக்க முடியாதவர்களுக்கான சட்டை. தோளில் திறக்கும், அல்லது முதுகில். முன்னால் பொத்தான்கள் சும்மா அழகுக்கு, அடியில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டி. பக்கவாதத்தில் மாமனாரின் கை விழுந்தபோது அவருடைய சட்டைகளை வெட்டிப் பார்த்துப் பிடிபட்ட வித்தை. "அவருக்கு வியாதி மேல கோபமே இல்ல, சட்டை மேலதான். காலையில எந்திரிச்சா அதுகூட மல்லுக்கட்டுதான்" என்பார்.

அந்த வித்தையை நம்பி, சீருடை தைக்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலையை விட்டுவிட்டு, நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டார். நிறுவனம் அவருடைய நாற்காலியை இந்த மாதக் கடைசிவரை காலியாக வைத்திருக்கிறது. அதற்குள் முன்பின் தெரியாத ஒருவராவது தேடி வராவிட்டால் திரும்பிப் போய்விடுவதாகக் கணவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். கணவர் பேருந்து ஓட்டுநர். எதற்கும் ஒரு நேரம் குறித்துவிட வேண்டும் அவருக்கு.

பக்கத்து நகல் கடைக்காரர்தான் குட்டை உடைத்தார். தன் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்.

"அக்கா, தினமும் நீங்களே உங்க கடைக்குள்ள போயிட்டுப் போயிட்டு வர்றீங்க. அதான் போன் உங்களுக்கு ஜால்ரா போடுது. மத்தவங்களுக்கு நீங்க அஞ்சாம் பக்கத்துலகூட இல்ல."

"அப்ப ரெண்டு மாசமா என்னை நானே தேடிட்டு இருந்தேனா?" என்று கேட்டுச் சிரித்தார் சட்டையக்கா. அன்று பகல் முழுக்கக் கீழே இயந்திரச் சத்தமே இல்லை.

நகல் கடைக்காரர் போகிற போக்கில் பாடமும் நடத்தியிருந்தார். 'தகவமைப்பு' என்ற சொல்லை இணையப் பக்கத்தில் நாற்பத்தோரு முறை எழுதி வைத்திருக்கிறீர்களே, படித்தால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது, இப்படி யார் தட்டுவார்கள் என்று கேட்டாராம். ஆட்கள் வாயில் வருவதைத்தான் தட்டுவார்கள், அதையே தலைப்பாக வையுங்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும், படத்தின் கீழே அது என்ன படம் என்று எழுதுங்கள், அப்புறம் பொறுத்திருங்கள் என்றாராம். பொறுப்பதற்குத்தான் நாள் இல்லை.

மறுநாளிலிருந்து பிற்பகல்களில், எதிரே இருக்கும் பிசியோதெரபி நிலையத்தின் காத்திருப்பு அறையில் அவரைப் பார்க்கலாம். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒட்டுப்பட்டி தைக்கும் கைவேலையோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார். நீலத் திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சத்தில் அந்த அறை தண்ணீருக்கடியில் கிடப்பது போலிருக்கும். மின்விசிறி சோம்பலாகச் சுற்ற, பேச்சுகள் அறுந்து அறுந்து மிதந்து வரும். யாருக்கு என்ன நோய் என்பதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேள்விகளை மட்டும் மனதில் மடித்து எடுத்துவந்து, துணி வெட்டுவதற்காக விரித்த பழுப்புத் தாளில் தையல் சுண்ணத்தால் எழுதுவார். 'தோள் ஆபரேஷன் ஆனா என்ன சட்டை போடலாம்.' 'அம்மாவுக்குக் கை தூக்க முடியல, டிரெஸ் எப்படி மாத்துறது.' வெள்ளைக் கோடுகளால் ஆன ஆளில்லாச் சட்டைகள் தாளில் படுத்திருக்கும்; அவற்றின் நெஞ்சிலும் தோளிலும் யார் யாரோ கேட்ட கேள்விகள்.

"எல்லாரும் கேட்டுட்டேதான் இருந்திருக்காங்க. எனக்குத்தான் காதுல விழல" என்றார் என்னிடம்.

இணையப் பக்கத்திலிருந்து 'தகவமைப்பு' என்ற சொல்லை அழிக்கும்போது மட்டும் விரல் தயங்கியது. அகராதியைப் புரட்டி அவரே தேடிப் பிடித்த சொல் அது. அழித்துவிட்டு, ஒரு கேள்விக்கு ஒரு பக்கமாக எழுதினார். இப்போதெல்லாம் காலையில் தேடுவதில்லை. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற கணக்கை மட்டும் பார்க்கிறார். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஒன்றுமில்லை, ஒரு நாள் மூன்று. "அந்த மூணுல நான் இல்ல, சத்தியமா" என்று நகல் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது, தைக்கக் கொடுத்த தலையணை உறையை வாங்க நான் போயிருந்தேன். கணவர் விடுப்பில் இருந்தார். நிறுவனத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கையில் கைபேசி அடித்தது. தெரியாத எண். மறுமுனையில் ஒரு பெண். தோளில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாராம். என்னவோ தட்டினேன், உங்கள் பக்கம் வந்தது என்றாராம்.

சட்டையக்கா அளவு கேட்கவில்லை. விலையும் சொல்லவில்லை.

"எந்தக் கைம்மா?" என்றார்.

இடது கை என்று பதில் வந்தது. கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். தன் இடக்கையை, அது வேறு யாருடையதோ என்பது போலத் தொங்கவிட்டார். பிறகு வலக்கையால் மட்டும், புடவைக்கு மேலே அணிந்திருந்த வேலைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.