முனியாயியிடம் சொல்லாதது

கேத்லீன், ரெம்பியா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். தாதியர் படிப்பு முடித்து ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்த மூன்றாம் வருடம், நியாலாஸ் தோட்டத்திலிருந்து முனியாயி வந்தாள். நாற்பது வயதிருக்கும். மார்பில் கட்டி. கேத்லீன் திரையை இழுத்து மூடியதும் முனியாயி சட்டையை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தலையைத் தூக்கவே இல்லை.

"என்னக்கா, சின்னப் பிள்ளையா நீங்க? வெளிய எத்தன பேர் காத்திருக்காங்க. இஷ்டம் இல்லன்னா வீட்டுக்குப் போங்க லா."

முனியாயி போய்விட்டாள்.

பத்து மாதம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டி புண்ணாகியிருந்தது. இனி அறுவை சிகிச்சை செய்து பயனில்லை என்றார் டாக்டர். கேத்லீனுக்கு முகம் நினைவிருந்தது. முனியாயிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. புண்ணுக்கு மருந்து வைக்கப் போனபோது அந்த உடம்பு நடுங்கியது. அன்றிலிருந்து கேத்லீன் திரையைப் பாதி திறந்தே வைத்தாள். ஒவ்வொரு முறையும் "தொடலாமாக்கா?" என்று கேட்டு, தலையசைப்புக்குக் காத்திருந்தாள்.

ஐந்தாம் நாள், கூட இருந்த தங்கை புனிதா, தாதிகளை அழைக்கும் வழக்கப்படி 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டு மெல்லச் சொன்னாள்.

"அக்காவ பதிமூணு வயசுல ஒருத்தன் ரூம்ல போட்டுப் பூட்டிட்டான் மிஸ்ஸி. அதுலருந்து கதவு சாத்துனாலே நடுங்கும். முன்ன இங்க ஒரு மிஸ்ஸி திட்டி ஏசி அனுப்பிட்டாங்களாம். அப்புறம் எவ்ளோ கூப்பிட்டும் வரல. அன்னைக்கு நீங்க இருந்திருக்கலாம்."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள் கேத்லீன். "பஞ்சு முடிஞ்சிருச்சு, எடுத்துட்டு வரேன்" என்றுதான் வந்தது. அதன்பின் முனியாயி பதினான்கு நாட்கள் உயிரோடு இருந்தாள். ஒரு நாளும் சொல்லவில்லை. முனியாயி இறந்துபோனாள்.

கேத்லீன் மேலே படித்து விரிவுரையாளரானாள். மனம் அடிபட்டவர்களின் உடம்பை எப்படித் தொடுவது என்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை என்றார்கள் கல்லூரியில். சனிக்கிழமைகளில் தானாகவே வகுப்பெடுத்தாள். ஆறு வருடம் மன்றாடிய பிறகு அது பாடமானது. மாணவர்களிடம் முனியாயியைப் பற்றிச் சொல்லும்போது, ஏசியவள் 'ஒரு தாதி' என்பாள்.

போன வருடம் புனிதாவின் எண் கிடைத்தது. கேத்லீன் தன் புக்கிட் பெருவாங் வீட்டிலிருந்து அழைத்துப் பெயரைச் சொன்னாள்.

"மிஸ்ஸியா? அக்காவ அப்படிப் பாத்துக்கிட்டீங்களே, மறப்பேனா?"

"புனிதா, அன்னைக்கு ஏசி அனுப்பினது நான்தான்."

"அக்கா இருந்தப்பவே சொல்லியிருக்கலாம் மிஸ்ஸி" என்றாள் புனிதா. குரலில் கோபம் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அடுத்த வகுப்பில், 'ஒரு தாதி' என்னும் இடத்தில் கேத்லீன் 'நான்' என்று சொன்னாள். பின்வரிசையில் யாரோ பேனாவைக் கீழே வைத்தார்கள்.