மாமா வரைந்த சப்பாத்து

போன மாதம் என் பேத்தி, எங்கோ சுற்றுலா போய் எடுத்த படம் ஒன்றைக் கைபேசியில் திருத்திக்கொண்டிருந்தாள். விரலால் ஓர் இழுப்பு இழுத்தாள், மங்கிய வானம் நீலமாயிற்று. இன்னொரு தட்டு தட்டினாள், ஓரத்தில் நின்ற யாரோ ஒருவர் காணாமல் போனார். உங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாங்கள் பிறந்த பிறகுதான் படங்கள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. எங்கள் மாமா இத்தனையையும் ஒரு பென்சிலையும் பிளேடையும் வைத்துக்கொண்டு செய்தவர். அவர் திருத்திய ஒரு படத்தின் கதை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க மனமில்லாமல் அட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். படங்களைக் கழுவுவது, காயவைப்பது, திருத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. கேமராவைத் தொடுவது மட்டும் முதலாளி. ஆகவே தானும் ஒருநாள் படம் பிடிக்கவேண்டும் என்று மாமாவுக்குத் தீராத ஆசை. நாங்கள் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒற்றை அறைகள் வரிசையாய் ஒட்டிய லயத்தில், கடைசிக் காம்பராவில் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு.

அந்த வருஷம் அப்பாவின் மனு திரும்பி வந்திருந்தது. இந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொள்ளும்படி கேட்டு எழுதிய மனு. முடியாது என்று பதில் வந்ததும் அப்பா இரண்டு நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள், ஊரில் நமக்கு வீட்டில் பாதி இருக்கிறதே, அது போதாதா என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஊர் என்பது கடலுக்கு அக்கரையில், துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா பிறந்த ஓட்டு வீடு அங்கே இருந்தது. அவருடைய அண்ணனுக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று தாத்தா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார். பத்திரம் மட்டும் அண்ணன் பேரில் இருந்தது. நான் அந்த வீட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அப்பா சொல்லிச் சொல்லி, அந்த நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் நுழையக்கூட எனக்குத் தெரியும். இங்கே இருக்கவிடாவிட்டால் நாங்கள் போய் இறங்க உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த இரண்டு அறைகள்தாம்.

அப்போதுதான் அண்ணனிடமிருந்து, அதாவது என் பெரியப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்த அத்தை, புருஷன் செத்துப்போய் மூன்று பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு, தம்பி, உன் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷமாயிற்று, நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை, குடும்பத்தோடு ஒரு படம் அனுப்பு என்று முடித்திருந்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் லயத்தில் ஊருக்கு உண்மையை எழுதும் வழக்கமே கிடையாது. ஒருவர் லயத்தை வீடு என்று எழுதுவார், அடுத்த காம்பராக்காரர் அதையே பங்களா என்று எழுதுவார். அப்பாவும் பன்னிரண்டு வருஷமாகக் கடிதத்தில் நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். கடிதத்தில் எழுதியதற்கெல்லாம் இப்போது படம் சாட்சி சொல்லவேண்டும்.

மாமா விடுவாரா? சிவனொளிபாதமலைக்குச் சீசன் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் மலைக்குப் போவோம், அங்கே வைத்துப் பிடித்தால் யாத்திரை போன படமாகவும் இருக்கும், லயமும் தெரியாது என்றார். முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஒரு பெட்டிக் கேமராவை இரவல் வாங்கி வந்தார். எட்டுப் படம் பிடிக்கலாம். அப்பா, தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா எப்போதோ கொடுத்த பழைய கோட்டை மாட்டிக்கொண்டார். மலையேறிக் கும்பிட்டு இறங்கி, முற்பகலில் மலையடிவாரத்து நல்லதண்ணியில் ஆற்றோரக் கடைகளுக்குப் பக்கத்தில் எங்களை நிற்கவைத்து மாமா எட்டையும் பிடித்துத் தீர்த்தார். சிரிக்கச் சொன்னார். குளிரில் பல் கிடுகிடுத்ததைத்தான் நாங்கள் சிரிப்பாகக் காட்டினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அட்டனுக்கு நடந்தார். எட்டுப் படத்தில் ஏழு உருப்படவில்லை. இரண்டில் யாரோ ஒருவரின் முதுகு, ஒன்றில் மாமாவின் கட்டைவிரல், மற்றவற்றில் நாங்கள் ஆவிகளாக அசைந்திருந்தோம். எட்டாவதில் நாலு பேரின் முகமும் விழுந்திருந்தது. ஆனால் பூமியே ஒரு பக்கம் சாய்ந்து, நாங்கள் ஆற்றில் உருளப்போகிறவர்கள்போல் நின்றோம். ஓரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வாய் நிறைய வடையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் வெறும் வெள்ளை. மேகம் மூடியதால் மலையைக் காணவே காணோம். மலைக்குப் போய் மலை இல்லாமல் படம் பிடித்துவந்த ஒரே ஆள் நீதானடா என்று அப்பா சொன்னார்.

மாமா அசரவில்லை. எங்களை இருட்டறைக்குள் அழைத்துப் போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டார். நெகட்டிவில் எங்கள் பல் கறுப்பாகவும் தலைமுடி நரைத்தும் இருந்தது. அதை விளக்குப் பெட்டியில் செருகி, கீழே இருந்த தாளைச் சற்றே திருப்பினார். பூமி நேராயிற்று. ஓரத்தை உள்ளே தள்ளி வெட்டினார், வடைக்காரர் போய்விட்டார். எங்கள் முகத்தின்மேல் வெளிச்சம் அதிகம் விழாமல் கையை ஆட்டி ஆட்டி மறைத்தார், இல்லாவிட்டால் முகம் கறுத்துவிடுமாம். பிறகு கீழ்ப்பாதியை அட்டையால் மூடிக்கொண்டு, ஸ்டூடியோவில் கிடந்த வேறொரு நெகட்டிவிலிருந்து மலையை மட்டும் எங்கள் தலைக்கு மேல் இறக்கினார். தாளை மருந்துத் தண்ணீரில் போட்டதும் முதலில் மலை வந்தது. அப்புறம் அப்பாவின் கோட்டு, அம்மாவின் கம்பளி, கடைசியாக என் முகம். அன்றைக்கு என் மாமாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை.

அப்பாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை நெகட்டிவில் கூர்ப்பென்சிலால் பொட்டுப்பொட்டாக வைத்து வெளுக்கச் செய்தார் மாமா. அம்மாவின் கம்பளியில் இருந்த ஓட்டைகளைப் படத்திலேயே மையால் அடைத்தார். அப்பா பத்து வயது குறைந்து நின்றார். அத்தோடு விட்டிருக்கலாம். அப்பா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"கால் தெரியுதேடா" என்றார்.

நாங்கள் நாலு பேரும் வெறுங்காலோடு நின்றோம். தோட்டத்தில் யாருடைய காலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியிருக்கவில்லை. மாமா, முழங்காலோடு வெட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார். அப்படி வெட்டினால் காலுக்கு என்னவோ ஆகிவிட்டது, மறைக்கிறான் என்று அண்ணன் பயந்துபோவார் என்றார் அப்பா. அது நியாயமாகவும் பட்டது. சற்றுநேரம் மூன்று பேரும் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சப்பாத்து வரைஞ்சிறவா மச்சான்?" என்று மாமாதான் கேட்டார்.

அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. அதை நான் இங்கே சொல்லியாகவேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததுபோலத்தான் இருந்தது. நான் நடுவில் புகுந்து, எனக்கும் வரைய வேண்டும், வார் வைத்த சப்பாத்து, தோட்டத்துத் துரையின் மகள் போட்டிருப்பதுபோல என்று மாமாவின் கையைப் பிடித்துத் தொங்கினேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

மாமா மெல்லிய தூரிகையால் மையைத் தொட்டுத் தொட்டு வரைந்தார். அப்பாவுக்குக் கயிறு கட்டிய சப்பாத்து. எனக்கு வார் வைத்தது. அம்மாவின் சேலையைக் பாதம் மூடும்வரை இறக்கிவிட்டார். தம்பிக்கு வரைந்த இரண்டும் இடது கால் சப்பாத்தாக அமைந்துவிட்டன. போனால் போகிறது என்று அப்பாவின் மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரத்தையும் கட்டினார். வரைந்து முடித்த படத்தையே திரும்பவும் ஒரு படம் பிடித்து அச்சுப்போட்டால் தூரிகை பட்ட தடம் தெரியாது என்றார். முதலாளியிடம் கெஞ்சி அப்படியே செய்தார். தெரியவில்லை.

அம்மாவிடம் காட்டியபோது அவள் சந்தோஷப்படவில்லை. சாமி மலைக்குப் போன இடத்தில் சப்பாத்தா என்பது முதல் கோபம். மலையடியில்தானே நிற்கிறோம் என்று அப்பா சமாளித்தார். அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உள்ளத அனுப்புங்க. நாளைக்கு அங்கதான போயி நிக்கணும்? நம்ம நெலம அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

தம்பி சோற்றுக்கு வழியில்லாமல் வருகிறான் என்று அண்ணன் நினைக்கக்கூடாது, தலை நிமிர்ந்து போய் இறங்கவேண்டும் என்றார் அப்பா. அம்மா அடுப்பை ஊதத் தொடங்கினாள். மறுநாள் படம் ஊருக்குப் புறப்பட்டது.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அப்பா வாசலில் நின்று அதை உரக்கப் படித்தார். படத்தைப் பார்க்க ஊரே கூடிவிட்டதாம். பூட்ஸ் போட்டுக்கொண்டு உன் மகள் வெள்ளைக்காரக் குழந்தைபோல் நிற்கிறாள் என்று பெரியப்பா எழுதியிருந்தார். நான் குதித்தேன். அதற்கப்புறம் அப்பா வாய்க்குள்ளேயே படித்தார். படித்துவிட்டு மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். அண்ணன் தங்கச்சிக்கு வீடு கொடுத்துவிட்டாராம் என்றார் அப்பா.

"எந்த வீட்ட?" என்றாள் அம்மா.

அப்பா கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். "நல்லதுதான். மூணு புள்ளைங்க இருக்குல்ல" என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தையை நினைத்து அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

அந்தக் கடிதத்தை முழுதாக நான் படித்தது அப்பா காலமான பிறகு, அவருடைய தகரப் பெட்டியில். ஆண்டவன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கிறான், இனி இந்த ஓட்டு வீட்டையா நீ தேடி வரப்போகிறாய், உன் பாதியைத் தங்கச்சி பேருக்கே எழுதிவிட்டேன், உன் மனசு எனக்குத் தெரியும், நீ வேண்டாம் என்று சொல்லமாட்டாய். இவ்வளவுதான் இருந்தது. பெரியப்பா மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. அவர் பார்த்ததை நம்பினார். உண்மையை எழுதி அனுப்பிப் பாதியைத் திரும்பக் கேட்டிருக்கலாம்தான். அதற்கு அப்பா, தங்கச்சியையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பச் சொல்லவேண்டும். அவரால் அது முடியாது. மாமா மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் காலில் எதையும் வரையவில்லை. கேட்டு வந்தவர்களிடம் தனக்கு முகம் மட்டும்தான் திருத்தத் தெரியும் என்று சொல்லிவிடுவார்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பீலிக்கரைக்கு ஓடினேன். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடமெல்லாம், எங்கள் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் அத்தைக்கு வீடு கிடைத்தது, என் சப்பாத்தைத்தான் பெரியப்பா முதலில் எழுதியிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஒருத்தி, அந்த வீட்டைக் கொடுத்துவிட்டால் நீங்கள் ஊருக்குப் போனால் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள்.

"எங்களுக்கு ஊர்ல எத்தனையோ வீடு இருக்கு" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பா வாளியோடு நிற்கிறார். கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். பொய் சொல்கிறாயா என்று அதட்டுவார் என நினைத்து நான் ஒதுங்கினேன். அந்தப் பெண் அவரிடம், அப்படியா என்று கேட்டாள். அப்பா, ஆமாம் என்றார். வாளி நிறைந்ததும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறுகையால் என் கையைப் பிடித்தார். லயம் வந்து சேரும்வரை அவர் பிடியை விடவே இல்லை, விரல் வலித்தது. இவ்வளவு நல்ல படத்தில் நிற்கிற மகளை நினைத்து அப்பாவுக்கு அத்தனை பெருமை என்று எண்ணிக்கொண்டு, வலியைச் சொல்லாமல் கூடவே நடந்தேன்.