ஏரிக்கரைக்கு வேஷம் கட்டிய நாள்

1. ஏழு பேர் காப்பாற்றிய எருமை

ஏரி பட்டப்பகலில் உடைந்தது. அதனால் ஆள் சேதம் இல்லை. நெல்லும் மாடுகளும் மண்சுவர் வீடுகளும் போயின. புத்தூருக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் மேடான இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். ஊரே அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு பிளாக் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: முகாமில் இருப்பவர்கள் மனம் தெளியக் கலை நிகழ்ச்சி நடத்தவும்.

நான் கிராம சேவிகையாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா கைநாட்டு வைப்பவர். நான் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் கையெழுத்துப் போடுவேன். கேட்காதவர்களுக்கும் போட்டுக் காட்டுவேன். இப்போது சேவிகை வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். அதில் தப்பில்லை.

அப்போதுதான் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்து ஆந்திர ராஜ்யம் பிறந்திருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்கள் எந்தப் பக்கம் என்பது மட்டும் முடிவாகவில்லை. கரையைப் பழுது பார்க்கச் சொல்லி ஊரார் மனு கொடுத்தபோதெல்லாம், "எல்லை தீர்மானம் ஆகட்டும்" என்று பதில் வந்தது. ஏரி அதற்குக் காத்திருக்கவில்லை.

திருப்பதியில் பயிற்சி கொடுத்த அம்மா ஒரு முறை சொல்லியிருந்தார்: ஆபத்தில் மாட்டி வந்தவர்களுக்கு நாடகம் எழுதிக் கொடுக்காதீர்கள், நடந்ததை அவர்களே கூடி, தோன்றியபடி பேசி நடிக்கட்டும், பாரம் குறையும். நான் அப்படியே செய்தேன். "அவரவர் அன்றைக்கு என்ன செய்தீர்களோ, அதைச் செய்து காட்டுங்கள்" என்றேன்.

ஒரே எருமையை ஏழு பேர் காப்பாற்றினார்கள். ஏழாவது ஆள் எருமையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கடைசியில் எருமையின் சொந்தக்காரர் எழுந்தார்.

"யோவ், என் எருமை செத்துப்போச்சுய்யா."

அன்றைய நிகழ்ச்சி அத்துடன் முடிந்தது.

2. பானை மூடி

முகாமில் எல்லாருக்கும் ஒரே உலை. வீட்டுக்கு ஒரு பெண் வந்து அரிசி போடுவாள். அடுத்த நாள் காலை கன்னியம்மா அரிசியோடு வந்தபோது, ஊர்ப் பெரியதனக்காரர் மனைவி பச்சையம்மா பானையை மூடிவிட்டாள். கன்னியம்மா அரிசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மூலையில் மூன்று கல்லைக் கூட்டித் தனியே பொங்கினாள்.

அவள் புருஷன் எத்திராஜு நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. மானியமாக ஒரு துண்டு நிலம் உண்டு. குடும்பம் சாப்பிடுவது அதில்தான். தண்ணீர் ஏறியபோது அவர் தூங்கிவிட்டார், மதகைத் திறக்கவில்லை, அதனால்தான் கரை போயிற்று என்று ஊர் சொன்னது. மறுநாள் காலை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். ஊரார் அதையே வாக்குமூலமாகக் கொடுத்தால் வேலையும் போகும், நிலமும் போகும்.

எத்திராஜு யாரிடமும் வாதாடவில்லை. வாதாடாததையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

3. கரை பேசியது

அன்று மத்தியானம் மறுபடியும் எல்லாரையும் கூட்டினேன். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் போடும் தொரசாமி, கோமாளித்தனமும் கேலியும் தன் தொழில் என்பதால், என்னையே முதலில் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சேவிகம்மா, இன்னிக்கு எத்தினி எரும?"

"இன்றைக்கு யாரும் தன் வேஷத்தைக் கட்டக்கூடாது. அடுத்தவர் வேஷம்தான்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லு. கூத்துல ராஜா வேஷத்த ராஜாவுக்கா குடுக்கறோம்?"

ஆண்கள் எழுந்துவிட்டார்கள். பெண்கள் அசையவில்லை.

"பொம்பளங்க வேஷம் கட்றதில்ல சேவிகம்மா. ஊர் வழக்கம்" என்றாள் பச்சையம்மா.

"ஏரிக்கரை ஆம்பளையா, பொம்பளையா?"

அவள் யோசித்தாள். "ரெண்டும் இல்ல."

"அப்போது கரையாக நில்லுங்கள்."

அதற்கு வழக்கம் எதுவும் இல்லாததால் நின்றார்கள், கும்மிக்கு நிற்பதுபோல் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. கன்னியம்மாவும் வந்து கடைசியில் நின்றாள். பக்கத்தில் நின்றவள் கையைக் கொடுக்கவில்லை.

ஆண்கள் தண்ணீராக வந்தார்கள். தொரசாமி எத்திராஜு வேஷத்தில் மதகின் மேல் படுத்துக் குறட்டை விட்டான். நல்ல குறட்டை. குழந்தைகள் உருண்டு சிரித்தார்கள். எத்திராஜு தூணோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். கன்னியம்மா மட்டும் கரையில் அசையாமல் நின்றாள்.

தொரசாமி தூக்கி வாரிப்போட்டு எழுந்து கரையோரம் ஓடினான். மேலே என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். வாயில் வந்ததைக் கேட்டான்.

"ஏம்மா கரையம்மா! எங்க நோவுது? சொன்னா மண்ணு போடுவேன் இல்ல?"

அவன் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தான். பச்சையம்மாவிடம் வந்தபோது அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"இங்க. புளியமரத்தண்ட."

"இன்னா ஆச்சு அங்க?"

"வருஷா வருஷம் பொங்கலுக்குச் சொவுரு மெழுவ இங்கதான தோண்டறாங்க? மண்ணு மெத்துனு இருக்குதுன்னு."

"யாரு தோண்டறது?"

"உன் பொண்டாட்டிதான்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் தொரசாமி எத்திராஜு வேஷத்தில் இருந்தான். அவன் பெண்டாட்டியா, எத்திராஜு பெண்டாட்டியா என்று புரியவில்லை. பக்கத்துப் பெண் அதைத் தீர்த்துவைத்தாள்.

"எல்லாரும்தான். நான் ரெண்டு கூடை எடுத்தேன்."

"நான் அடுப்பு போட எடுத்தேன்."

"எங்க ஊட்டுக்காரு வண்டியில எடுத்தாரு."

தண்ணீராக நின்ற அந்த ஊட்டுக்காரர் நகர்ந்து இன்னொரு தண்ணீருக்குப் பின்னால் போனார். அப்புறம் சிரிப்பு வரவில்லை. கரை உடைந்தது அந்தப் புளியமரத்தடியில்தான். மரமும் போய்விட்டது. அது எல்லாருக்கும் முன்பே தெரியும். கரையாக நிற்கும்வரை யாரும் சொல்லவில்லை.

பச்சையம்மா வரிசையை விட்டுக் கடைசிக்குப் போய், கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தண்ணி வருது, கெட்டியா நில்லுங்கடி" என்றாள். தண்ணீருக்கு வரத் தைரியம் இல்லை.

4. விசாரணை

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர். தமிழ் புரியும், பேசும்போது இரண்டும் கலந்து வரும். நாற்காலியில் உட்கார்ந்து, "தப்பு எவரிதி? ஒக்க பேரு செப்பண்டி" என்றார். தப்பு யாருடையது, ஒரு பேர் சொல்ல வேண்டுமாம்.

"எம் பேர எழுதிக்கோ சார்" என்றாள் பச்சையம்மா.

பெரியதனக்காரர் பதறினார். "ஏய், உள்ள போ."

"கரையா நின்னது நானா, நீயா?"

அவள் பின்னால் பெண்கள் வரிசையாக வந்து, மண் எடுத்ததைச் சொல்லிப் பேர் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வேறு வழியில்லாமல், ஆண்கள். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

"ஊரையே டிஸ்மிஸ் பண்ண ரூல் லேதம்மா."

அதிக மழையால் உடைந்தது என்று எழுதிக்கொண்டு போனார். எத்திராஜுவின் வேலையும் மானியமும் தப்பின.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பட்டதைப் பேச ஊரைக் கூட்டினால், யாருக்கும் அவரவர் வேஷத்தைக் கொடுக்காதீர்கள். வக்கீல் மாதிரி பேசுவார்கள். பெண்கள் வேஷம் கட்ட மாட்டேன் என்றால், ஆணும் பெண்ணும் இல்லாத ஒன்றைக் கொடுங்கள். ஊரில் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன.

அன்று பொது உலையில் கன்னியம்மாவின் அரிசியும் வெந்தது. அவள் அகப்பையோடு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சேவிகம்மா, உங்கிட்ட சொல்லிடறேன். அவுரு நெசமாவே தூங்கிட்டாரு. ரெண்டு ராவு கரை மேலயே முழிச்சிக்கினு இருந்தாரு இல்ல, மத்தியானம் கண்ணு சொருகிடுச்சி."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று மொழியிலும் தெரியவில்லை. சோறு வடித்துக்கொண்டிருந்த பச்சையம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தூங்கினா இன்னாடி இப்போ? நாங்க முழிச்சிக்கினேதான தோண்டினோம்."