துருசைப் பார்க்காதவர்கள்

சொந்தத்தில் பெரியபிள்ளையான ஒரு சிறுமிக்குச் சாமத்திய வீடு. ஆராத்தித் தட்டைத் தூக்கப்போன அண்ணியின் கையிலிருந்து பெரியம்மா அதை வாங்கினார். பறிக்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். “நீ இரு பிள்ளை, பெத்தவை ஆரும் எடுக்கட்டும்.” அண்ணி ஈரமில்லாத கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளையில்லாத குறை அண்ணியிடம் என்று ஊரை நம்பவைத்த காகிதம் பொய் என்பது எங்கள் முள்ளியவளையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் அண்ணன். மற்றவன் நான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் காகிதம் வந்த கதை வெட்கக்கேடானது. பிள்ளையில்லாத தம்பதிகளைப் பற்றி ஆய்வு செய்த டொக்டர் அம்மா ஒருவர், கணவன்மாரின் விந்தைக் கேட்டார். உயிரணுக்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், அதிலுள்ள புரதங்களையும் பிரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுவரலாம். அண்ணன் போத்தலோடு என்னிடம் வந்தார். “நீ ரெண்டு பெத்தனி. உன்ரையைத் தா. போத்தலிலை ஆற்றை முகமடா தெரியப்போகுது?” நான் சிரித்தேன். கொடுத்தேன். இதை எழுதும்போது என் முகத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆணில் ஒரு குறையுமில்லை என்று வந்தது. அம்மா அந்தக் காகிதத்தை உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்தார், வருபவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு குறையைத் தேட அண்ணியின் உடம்பு மட்டும்தான் மிஞ்சியது. ஊசி, குளிசை, வயிற்றில் துளையிட்டுக் குழாய்களைப் பார்க்கும் சோதனை. ஒவ்வொரு சஷ்டிக்கும் பட்டினி. இரண்டு வருடங்கள். அண்ணனுக்குக் கட்டிவைக்கக் கனகராயன்குளத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று அம்மா குசினிக்குள் கதைக்கத் தொடங்கினார், அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதே. என் விந்தின் காகிதத்தை வைத்து என் அண்ணியை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். நான் வயலுக்குப் போனேன், வந்தேன், அவர் வைத்த சோற்றைத் தின்றேன்.

ஆய்வுக்கு இரண்டாம் முறையும் கேட்டார்கள். இந்த முறை ஆஸ்பத்திரி அறையிலேயே கொடுக்க வேண்டும். அண்ணி வாசலில் நின்றதால் அண்ணனுக்குத் தப்ப வழியில்லை. முடிவு சொல்லும் நாளில் அண்ணன் அண்ணியோடு துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

டொக்டர் அம்மா இரண்டு காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சின்ன வயதில் குடலிறக்கத்துக்கு இரண்டு பக்கமும் ஒபரேசன் செய்ததா என்று அண்ணனிடம் கேட்டார். ஓம், ஏழு வயதில்.

“நீங்கள் குளத்துத் தண்ணியிலை விதைக்கிற ஆக்கள், உங்களுக்கு விளங்கும்,” என்றார். “வயலுக்குத் தண்ணி வரேல்லை எண்டால் என்ன செய்வியள்? குளம் வத்தினதோ, தண்ணி திறந்துவிடுற துருசு அடைச்சுக் கிடக்கோ எண்டு போய்ப் பார்ப்பியள். விந்திலை இருக்கிற புரதமும் எங்கெங்கையிருந்து வருதெண்டு அடையாளம் சொல்லும். இந்த ரெண்டாம் காகிதத்திலை உயிரணுவும் இல்லை, துருசுக்கு மேலையிருந்து வாற புரதமும் இல்லை. கீழை ஊறுறது மட்டும்தான் கிடக்கு. உயிரணு ஊறுற உங்கடை குளம் வத்தேல்லை எண்டுதான் நினைக்கிறன். ஒபரேசனிலை துருசு பூட்டுப்பட்டிருக்கு. அப்பிடியெண்டால் ஊசியாலை உயிரணு எடுக்கலாம்.” பிறகு முதல் காகிதத்தைத் தட்டினார். “ஏழு வயசிலை பூட்டுப்பட்டவற்றை போத்தல் இல்லை இது. இது ஆற்றை?”

“என்ரை,” என்றேன்.

அண்ணி அழவில்லை. என் பக்கம் திரும்பி, “தம்பி, நீர் தெரிஞ்சுகொண்டுதானே என்னைப் பின்னாலை நிக்க விட்டனீர்?” என்றார். அடுத்த சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டபோது பேனையைத் தொடவில்லை. “இவ்வளவு நாளும் என்னைத்தானே குத்தினியள். முதல்ல இவர் போய்த் தாயிட்டைச் சொல்லட்டும். பிறகு பாப்பம்.”

வயல் காய்ந்தால் வயலை ஏசுகிற கமக்காரனை நான் கண்டதில்லை. முதலில் துருசடிக்கு ஓடுவோம். பெண் என்றால் மட்டும் எங்களுக்கு அந்தப் புத்தி வருவதில்லை. புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு விஞ்ஞானம் வந்துவிட்டது. ஆனால் போத்தலை நிரப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள். எங்கள் பொய்யைத்தான் அது அச்சடித்துத் திருப்பித் தந்தது.

அண்ணி இப்போது நாயாற்றில் தாய்வீட்டில் இருக்கிறார். வயது முப்பத்தெட்டு. நாள் கடத்த வேண்டாம் என்று டொக்டர் அம்மா சொல்லி ஐந்து மாதங்கள் போய்விட்டன. “சனம் என்ன கதைக்கும்” என்று அண்ணன் இன்னும் யோசிக்கிறார்.

போன கிழமை நானே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலையும் சொன்னேன். கதிரையில் இருந்தபடி கேட்டார். கண் நிறைந்தது. “பாவம் என்ரை பிள்ளை,” என்றார்.

பதினொரு வருடங்கள் எங்கள் குசினியில் நின்று சமைத்தவரை அம்மா ஒருநாளும் பாவம் என்று சொல்லிக் கேட்டதில்லை. இப்போதும் அவர் சொன்னது அண்ணனை.