அப்பாவிடம் சொன்ன முதல் ‘போதும்’

1. போன்

“டீச்சர், நாளையிலேர்ந்து எங்க வீட்டுக்கு வர வேணாங்க. ஒங்க கை வித்தையெல்லாம் எம்புள்ளைக்கு வேணாம்.”

கீரனூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வந்த போன் இது. பேசியவர் சுரேஷ். துபாயில் கிரேன் ஓட்டுகிறவர். மகள் தன்ஷிகாவின் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அதுவரை பிள்ளையை வீடியோ காலில் மட்டுமே பார்த்தவர்.

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். காது கேளாத கைக்குழந்தைகளின் வீட்டுக்கே போய், பேச்சு வரும் முன்னரே சைகை கற்றுக் கொடுப்பது என் வேலை. குழந்தைக்குக் கற்றுக் கொடுப்பது என்று சொல்கிறோமே தவிர, பாதி நேரம் வீட்டாருக்குத்தான் பாடம். குன்றாண்டார்கோவில் பக்கம் இருந்த அந்த வீட்டில் சுரேஷின் மனைவி கவிதா சட்டென்று பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் நின்றபடியே சைகை காட்டுவாள். மூன்று மாதத்தில் பிள்ளை நான்கு சைகை போட்டது. விரல்களை மடக்கி விரித்தால் பால். உள்ளங்கையில் தட்டினால் இன்னும். காதைத் தொட்டால் மெஷின், அதாவது ஹியரிங் எய்ட். இரண்டு கையையும் விரித்து வெளியே வீசினால் ‘போதும்’.

வம்பு வந்தது கடைசிச் சைகையால்.

2. காதுகுத்து விருந்து

நடந்ததைக் கவிதா சொன்னாள். விருந்தன்று சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்க, சுரேஷ் மகளை மடியில் வைத்துப் பருப்புச் சாதம் ஊட்டியிருக்கிறார். ஐந்தாறு வாய்க்குப் பிறகு பிள்ளை கையை வீசியது. அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு ஒரு வாய், மாமாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய் என்று நம் வீடுகளில் ஊட்டுவதுபோல ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பிள்ளையும் வீசிக்கொண்டே இருந்தது.

“என்னப்பா, புள்ள ஒன்னய வெரட்டுது?” என்று யாரோ சிரித்திருக்கிறார்கள்.

“போதும்னு சொல்லுதுங்க” என்றாள் கவிதா, பெருமையாக. அவர் முகம் சுண்டிப் போய்விட்டது.

3. வர வேண்டாம் என்ற வீட்டுக்குப் போனது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். வர வேண்டாம் என்றால் போயே தீருவேன். மறுநாள் போய் நின்றேன்.

“வாங்க” என்றார் சுரேஷ். அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்காரனையும் வாங்க என்றுதான் சொல்வார்கள். உட்காரச் சொன்னார், காபி வந்தது. அதற்குப் பிறகு ஆரம்பித்தார்.

“பொறந்து ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் எம்புள்ளையத் தொடுறேன் டீச்சர். அது எங்கிட்டச் சொன்ன மொத வார்த்தையே ‘போதும்’. அதைத்தான் சொல்லிக் குடுத்தீங்களா? மெஷினு மாட்டியாச்சு. காதுல ஆபரேசனுக்கும் எழுதிக் குடுத்திருக்காங்க. கைய ஆட்டிப் பழகுச்சுன்னா வாய்ப் பேச்சு எங்கிட்டு வரும்?”

“சாமி கும்பிடச் சொல்லிக் குடுக்குறீங்கள்ல? டாட்டா காட்டச் சொல்றீங்கள்ல? அதனால எந்தப் புள்ளைக்குப் பேச்சு வராமப் போச்சு?” என்று கேட்டேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் பிள்ளையைப் பார்த்த பிறகு வாதத்தை விட்டுவிட்டேன். பால் பாட்டிலைக் காட்டினேன், கை எழவில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன், அதற்கும் எழவில்லை. பாட்டிலைப் பார்த்து அழுதது, அவ்வளவுதான். விருந்துக்குப் பிறகு இந்த ஒரு வாரமாக ஊட்டும்போதெல்லாம் சுரேஷ் அதன் கையைப் பிடித்துக்கொண்டாராம், அன்பாகத்தான். காட்டிப் பயனில்லை என்று தெரிந்ததும் பிள்ளை எல்லாச் சைகையையும் விட்டுவிட்டது.

ஆபரேஷன் முடிந்து, காது கேட்டு, பேசப் பழகும்வரை அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே பேச்சு அது.

“சுரேஷ், அவ ஒங்கள வெரட்டல. மத்த புள்ளைங்களுக்கு வயிறு நெறஞ்சா அழத்தான் தெரியும். ஒங்க பொண்ணு ஒங்ககிட்டப் பேசுச்சு. நீங்கதான் பதில் சொல்லல” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கவிதாதான் குறுக்கே வந்தாள். “லீவு முடியுற வரைக்கும் டீச்சர் சொல்றபடி செஞ்சு பாருங்க. சரி வரலைன்னா நானே நிறுத்திக்கிறேன்.”

4. தட்டைக் கீழே வைப்பது

நான் சொன்னது சின்ன வேலை. ஊட்டும்போது பிள்ளை முகத்தைத் திருப்பினால், ‘போதுமா?’ என்று அவரே சைகை காட்டிவிட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். கெஞ்சக் கூடாது, காக்காவைக் கூப்பிடக் கூடாது.

“பட்டினியாக் கெடக்கட்டுமா?”

“ஒரு வேளை கொறஞ்சா ஒண்ணும் ஆகாது. பசிச்சா அவளே கேப்பா.”

கிரேன் ஓட்டுகிற கைக்குத் தட்டைக் கீழே வைப்பது அத்தனை பாடாக இருந்தது. அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. பிள்ளை முகத்தைத் திருப்பும், அவர் தட்டை வைத்துவிட்டு என்னை முறைப்பார். ‘நானே கெடுத்துவிட்டேனோ’ என்று பஸ்ஸில் வரும்போது எனக்கும் பயமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள், நான் இருக்கும்போதே, பிள்ளை கையை வீசியது. சுரேஷ் உடனே தட்டை வைத்தார். அது தட்டைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. மறுபடியும் வீசிப் பார்த்தது. இனி ஊட்டவில்லை என்று அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அது கலகலவென்று சிரித்துவிட்டு எழுந்து விளையாடப் போனது. கொஞ்ச நேரத்தில் தத்தித் தத்தித் திரும்பி வந்து, தன் உள்ளங்கையில் தட்டுவதற்குப் பதில் அவர் உள்ளங்கையில் தட்டியது.

“கவிதா, இங்கிட்டு வா! இன்னும் வேணுமாம்! எங்கிட்டக் கேக்குது!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பையில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

5. வேன் வந்த நாள்

லீவு முடிந்து ஏர்போர்ட் வேன் வாசலில் நின்றபோது சுரேஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், ‘திரும்பி வாரேன்’னு கையில எப்படிச் சொல்றது?”

காட்டினேன். இரண்டு மூன்று தடவை செய்து பழகிக்கொண்டார்.

“இது அவளுக்குப் புரியுமா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “இப்பப் புரியாதுங்க. கைய வீசுனதும் நீங்க தட்டக் கீழ வச்சதாலதான் அவளுக்குப் ‘போதும்’ புரிஞ்சுச்சு. இதுவும் அப்படித்தான். நீங்க வந்தாத்தான் புரியும்.”

அவர் தலையாட்டினார். வேனில் ஏறி, ஜன்னல் வழியாக மகளைப் பார்த்து அந்தச் சைகையைச் செய்தார். கடைக்குப் போகிறவருக்குக் காட்டுவதுபோல் அது டாட்டா காட்டியது. வேன் திரும்பும்வரை அவர் விடாமல் செய்துகொண்டே இருந்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் எந்தச் சைகையைக் கற்றுக் கொடுப்பது என்று என்னைக் கேட்பார்கள். எதை வேண்டுமானாலும் கற்றுக் கொடுங்கள், ஆனால் குழந்தை அதைக் காட்டும் அன்றைக்கு அதன்படி நடக்க வீட்டில் ஒருவராவது தயாராக இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். தன்ஷிகாவின் அப்பாவுக்கு அடுத்த லீவு இன்னும் கிடைக்கவில்லை. வீடியோ காலில் தினமும் அந்தச் சைகையைச் செய்கிறார். அவளும் பார்த்துப் பார்த்து அப்படியே திருப்பிச் செய்கிறாள். அர்த்தம் இன்னும் தெரியாது.