உறை பிரிக்காத வலது பெடல்

பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. இது நடந்தது மத்தியானம். மூன்றேகால் மணி. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இத்தோடு மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நடந்தது என் அக்கா புருஷனுக்கு. அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. பஸ் தன்னால் தாமதம் என்றால் தன்னால் என்றே எழுதிக்கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்வார். அவர் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன். நடுவில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.

அத்தான் பஸ் டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவர். போன வருஷம் முதுகில் ஒரு டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்தியது. முதலில் தெரிந்தது செருப்பில்தான். டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து கண்டக்டர், "அண்ணே, செருப்பு" என்றார். திரும்பிப் பார்த்தால் இடது கால் செருப்பு படிக்கட்டு ஓரமாகக் கிடக்கிறது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. வெறுங்காலில் சிமெண்ட் தரையின் சூடும் தெரியவில்லை.

ஆபரேஷன் ஆனது. முதுகு வலி போனது. இடது கால் மட்டும் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே வெறும் கட்டை. கிளட்ச் மிதிக்க முடியாதவனுக்குப் பஸ்ஸை யார் கொடுப்பார்கள்? டிப்போ மேனேஜர் நல்ல மனுஷன்தான். "மூணு மாசம் பாப்போம். கால் வந்தா வண்டி. வரலைன்னா கேட்ல ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்" என்றார். வண்டி உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் எழுதுகிற நாற்காலி. அதை நினைத்தாலே அத்தானுக்குச் சோறு இறங்காது.

ஆனால் அவர் அழவில்லை, கத்தவில்லை. கால் மரத்தது போதாதென்று ஆளும் மரத்துப்போனார். அக்கா தட்டை வைத்தால் சாப்பிடுவார். எடுத்தால் எழுந்துவிடுவார். பிசியோதெரபிஸ்ட் தினமும் செய்யச் சொன்ன பயிற்சிகளை ஒரு நாள்கூடச் செய்யவில்லை.

அவர் மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பெண். ஆனாலும் வால் இன்னும் சுருளவில்லை. அவளுக்குக் கம்ப்யூட்டரில் போர் ஹெலிகாப்டர் ஓட்டுகிற பைத்தியம். சிமுலேட்டர் என்பாள். பொம்மை விளையாட்டு என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். நிஜ ஹெலிகாப்டரில் இருக்கிற அத்தனை ஸ்விட்சும் அதில் உண்டு. பேட்டரி போட்டு, எஞ்சினை ஒவ்வொன்றாகக் கிளப்பி, மேலே இறக்கை சுற்றி வேகம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் தரையை விட்டு எழும்பும்.

"அப்பா, இதுக்குக் கால் வேணும்" என்றாள் ஒரு நாள். "பயிற்சிதான் செய்ய மாட்டேங்கிற. இதையாவது செய்யேன்."

"எனக்கு எதுக்கும்மா சண்டையெல்லாம்?"

"சண்டை அப்புறம். முதல்ல நிக்கக் கத்துக்கோ."

அதற்காகவே பழைய செட் ஒன்றை விலைக்குப் பிடித்தாள். வலது கைக்கு ஒரு ஸ்டிக், இடது கைக்கு ஒரு லிவர், காலுக்கு இரண்டு பெடல். விற்ற வீட்டில் ஒரு நடுத்தர வயது அம்மா கதவைப் பாதி திறந்து பெட்டியை வெளியே நகர்த்தினார். "தம்பியோடது. அவனுக்கு இனிமே வேணாம்." அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் வாலு சிரித்தாள். இடது பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பாதத்தை இழுத்துக் கட்ட அதில் தோல் பெல்ட் ஒன்று வேறு. கையால் தைத்தது. வலது பெடலோ புத்தம் புதுசு. கடையில் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஒரு காலாலேயே ஓட்டியிருக்கான் பாரு. சோம்பேறி" என்றாள்.

மரத்த கால் வழுக்காமல் இருக்க பெல்ட் தோதாக இருந்தது. உறையை உரிக்கப் போனாள். "இருக்கட்டும் விடு, திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தா?" என்றார் அத்தான். கால் வரும் என்ற நம்பிக்கை அவருக்கு அவ்வளவுதான்.

பஸ் டிரைவருக்கு ஹெலிகாப்டர் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம், தப்பாகத் தெரிந்தவனுக்கு முடியாது. இடது கை லிவர் அச்சு அசல் ஹேண்ட்பிரேக் மாதிரி இருக்கும். பயம் வந்தால் அத்தான் கை தானாக அதை மேலே இழுக்கும். பஸ்ஸில் அது நிறுத்தும். இதில் அது தூக்கும். நிறுத்தப் பார்த்து எகிறுவார். எகிறியதும் பதறி இரண்டு காலையும் சேர்த்து மிதிப்பார், பிரேக்கும் கிளட்சும் என்று நினைத்து. அந்தப் பெடல்கள் சீசா பலகை மாதிரி. ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே வரும். இரண்டையும் மிதித்தால் எதுவும் நடக்காது.

லிவரைத் தூக்கும்போதெல்லாம் ஹெலிகாப்டரின் மூக்கு வலது பக்கம் திரும்பும். அதைப் பிடித்து நிறுத்த இடது பெடலை அழுத்த வேண்டும். இடது காலை. இல்லாத அந்தக் காலை. ஒரு வாரம் பம்பரம் மாதிரி சுற்றி விழுந்தார். அக்கா எட்டிப் பார்த்து, "இதுக்குப் பஸ்ஸே தேவல" என்று போய்விட்டாள்.

அப்புறம் ஒரு நாள் வண்டி எழும்பியது. மூக்கு திரும்பவில்லை.

"அப்பா... இடது போட்டியா?"

"போட்டேனா?"

இரண்டு பேரும் காலைப் பார்த்தார்கள். பெடல் உள்ளே போயிருந்தது. வாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, சந்தோஷம்தான் வரவில்லை.

அடுத்த வாரம்தான் அந்த மத்தியானம்.

வாலு வேலைக்குப் போயிருந்தாள். அக்கா தையல் கடையில். அத்தான் தனியாக. காதில் ஹெட்போன். திரையில் ஒரு பள்ளத்தாக்கு. பழைய டாங்கி ஒன்றைத் தேடிச் சுட வேண்டும், அவ்வளவுதான் பாடம். மூன்றேகால்.

பீப்... பீப்... பீப்... ஏவுகணை எச்சரிக்கை.

கை லிவரை இழுத்துவிட்டது. கால் இரண்டும் சேர்ந்து மிதித்தன. பழைய தப்பு. வலது கால் நல்ல கால். இருபது வருஷம் பஸ் பிரேக் மிதித்த கால். ஜெயிப்பதென்றால் அதுதான் ஜெயிக்க வேண்டும்.

டக்.

இடது பெடல் முன்னே போனது. வலது காலைப் பின்னே தள்ளியது. நிதானமாக. ஒரு ஆள் கதவைத் தள்ளுகிற மாதிரி.

ஹெலிகாப்டர் நேராக நின்றது. ஏவுகணை பக்கத்தில் போய் வெடித்தது.

அத்தான் வலது காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். ஸ்டிக்கை மட்டும் பிடித்திருந்தார். இடது கால் பெல்ட்டுக்குள் இருந்தது.

டக்... டக்...

கொஞ்சம் முன்னே. கொஞ்சம் பின்னே. மூக்கு ஒரு நூல் பிசகவில்லை. வாலுவுக்கே அந்த நிதானம் வராது.

குனிந்து இடது கெண்டைக்காலைத் தொட்டார்.

தொளதொளவென்று இருந்தது. தூங்குகிறவன் கால் மாதிரி. இறுக்கமே இல்லை.

பாதம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

டக்...

கம்ப்யூட்டரை அணைத்தார். திரை கறுத்தது.

டக்.

பயப்படவில்லையா என்று நான் கேட்டேன். "வரல" என்றார். "கால் அசையுது. வண்டி கிடைக்கும். அவ்வளவுதான் தோணிச்சு."

யாரிடமும் சொல்லவில்லை. தினமும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் பெல்ட் இல்லாமலே இடது கால் அசைந்தது. நடக்கும்போதும் தூக்கி வைத்தது. பிசியோதெரபிஸ்ட் தொட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "கால் நல்லா வேலை செய்யுது. தசைதான் இன்னும் இறுகவே இல்ல. எப்படின்னு தெரியல." ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றே எழுதிக்கொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் அக்கா தரையில் ரத்தம் பார்த்தாள். சமையலறை வரை சொட்டுச் சொட்டாக. அத்தானின் வலது கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது.

"எங்க இடிச்சீங்க?"

"தெரியல."

"நகம் பேர்ந்திருக்கு, தெரியலையா? விளையாட்டு மும்முரத்துல கழுத்தை அறுத்தாலும் தெரியாது உங்களுக்கு." திட்டிக்கொண்டே கட்டுப் போட்டாள். மருந்து எரியவில்லை. எரியும் என்று காத்திருந்துவிட்டு அவரும் மறந்துவிட்டார்.

டிப்போவில் சோதனை ஓட்டம். ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்ததும் இடது கால் தானாகக் கிளட்சுக்குள் போனது. ஹெலிகாப்டர் பாடம், லிவர் தூக்கினால் இடது. அத்தானுக்குப் புரிந்தது. மேனேஜருக்குப் புரியவில்லை. தோளில் தட்டி, "நாளைக்கே வண்டி எடு" என்றார்.

மறுநாள் முதல் டிரிப். பஸ் நிறைந்து வழிந்தது. ஒரு பிசகு இல்லை. இரண்டு மூன்று தடவை பிரேக் கொஞ்சம் லேட்டாக விழுந்த மாதிரி இருந்தது. ரொம்ப நாள் ஓட்டாததால் என்று நினைத்துக்கொண்டார். டிப்போவுக்குத் திரும்பி, ஆட்களெல்லாம் இறங்கி, எஞ்சினை அணைத்தார். ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஒரு பொண்ணு வந்து பெடல் வாங்கிட்டுப் போச்சே... இந்த நம்பர்தான் அப்ப எழுதிக் கொடுத்துச்சு." பெட்டியைக் கொடுத்த அந்த அம்மா.

"அவ அப்பாதான் பேசறேன்மா."

"அதுல ஒரு பெல்ட் இருந்துச்சு. தம்பி கையால தைச்சது. அதை மட்டும் திருப்பித் தர முடியுமா?"

"தர்றேன்மா. இடது காலைக் கட்ட ரொம்ப வசதியா இருந்துச்சு."



"அவனும் இடதைத்தான் கட்டுவான். ஒரு காலாலேயே தள்ளணும், இழுக்கணும் இல்ல..."

"ஒரு காலா?"

"வலது கால் சின்ன வயசுலயே விபத்துல போயிடுச்சுங்க. பைலட் ஆகணும்னு இருந்தவன். போன வருஷம் அவனும் போயிட்டான்." மூச்சு விட்டார். "கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. கால் போகல, எங்கயோ விட்டுட்டேன், கிடைக்கும், தேடி எடுத்துக்குவேன்னுதான் சொல்லுவான்."

அத்தான் ஃபோனைப் பையில் போட்டார்.

எழுந்தார். இறங்கினார். நடந்தார்.

பின்னாலிருந்து கண்டக்டர்.

"அண்ணே, செருப்பு."

இடது காலைப் பார்த்தார். செருப்பு இருந்தது.

வலது காலைப் பார்த்தார்.

வெறுங்கால். உச்சி வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரை. அதன் மேல் அந்தக் கால் நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு பஸ் ஜனத்துக்குப் பிரேக் மிதித்த கால்.

சூடு தெரியவில்லை.

சாவியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, கேட் நாற்காலியை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். டாக்டர்கள் மறுபடி முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முதுகில் எதுவும் இல்லை. இடது கால் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கட்டை.

செருப்பு கழன்ற அன்று அத்தான் வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கப் பெல்ட்டைக் கழற்ற வாலு மேஜைக்கு அடியில் குனிந்தாள். அப்படியே எழுந்து வெளியே வந்துவிட்டாள். வலது பெடலின் பிளாஸ்டிக் உறை உரிந்து, ஒழுங்காக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தது. வாலு உரிக்கவில்லை. அக்கா அந்த அறைக்குப் போவதே இல்லை. அத்தானுக்கு அந்த முதுகோடு மேஜைக்கு அடியில் நுழைய வராது.

நான் போய்ப் பார்த்தேன். புது ரப்பர்தான். நடுவில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.